லூப்பில் வந்த 'டங்': சொந்தமாகக் கட்டிய விமானத்தில் சத்தம் தேடிய அனுபவம்

நாலாயிரம் அடி உயரத்தில், லூப் (செங்குத்தாக ஒரு முழு வட்டம்) போட ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும் நேரத்தில், இருக்கைக்குப் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஏரோபாட்டிக்ஸ் என்ற வான வித்தைகளைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின்னிலிருந்து மீள்வதையும், கட்டாயம் வந்தால் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடியான கேனபியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிப்பதையும் பலமுறை சொல்லித் தந்தார். விமானம் கட்டும்போது படித்த கையேடுகளில் ரிவெட் அடிப்பது எப்படி, போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்றெல்லாம் இருந்தது. கட்டி முடித்த விமானம் காற்றில் சத்தம் போட்டால் அதை எப்படி விசாரிப்பது என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வசந்தகாலம் முழுக்கவும், ஐயாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலேயும் ஆனது. பல இரவுத் தூக்கமும் போனது. இதே வேலையில் இறங்கியிருக்கும் நம் ஆட்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே. என்னுடையது அலுமினியத் தகட்டுக் கிட்டிலிருந்து கட்டிய விமானம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, வால் சக்கரம். கிட் நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, நான் சொல்லப்போவது இந்த மாதிரி உலோக விமானம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் விமானத்தின் பெரும்பகுதியை நாமே, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டினால் 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட்' என்ற வகையில் பதிவு செய்யலாம். கட்டியவருக்கு ரிப்பேர்மேன் சான்றிதழும் கிடைக்கும், ஆண்டுப் பரிசோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். ஏரோபாட்டிக்ஸ் செய்ய வேண்டுமென்றால், முதல் கட்டச் சோதனைப் பறத்தலின்போதே ஒவ்வொரு வித்தையையும் செய்து பார்த்து லாக் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். லூப், ரோல், இம்மெல்மான், ஸ்பின் எல்லாம் என் புத்தகத்தில் இருந்தன. எல்லை +6 ஜி, -3 ஜி (ஒரு ஜி என்பது தரையில் நாம் உணரும் சாதாரண எடை). அதைப்போல ஒன்றரை மடங்கு வரை உடையாமல் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்புக் கணக்கு. நான் வழக்கமாக நாலு ஜியைத் தாண்டுவதில்லை. இவ்வளவு இடைவெளி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் பறந்துகொண்டிருந்தேன்.

அந்த 'டங்' வந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. மூன்றரை ஜி இருக்கும். காதில் கேட்டதைவிடக் கால் பாதத்தில்தான் முதலில் உணர்ந்தேன். விங்கைத் தாங்கும் முக்கிய உத்தரமான ஸ்பாரில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்றுதான் மனம் சொன்னது. வாய் வறண்டுவிட்டது. பவரைக் குறைத்து, இழுத்த ஸ்டிக்கை மெதுவாக விட்டு, விமானத்தை நேராகக் கொண்டுவந்தேன். இரண்டு விங் நுனியையும், பின்னால் திரும்பி வாலையும் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இறங்கி ஹேங்கரில் நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன். "என்னங்க, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். "அப்ப அது என்னன்னு தெரியுற வரைக்கும் தலைகீழா போகாதீங்க" என்றாள். இந்த விஷயத்தில் நான் கேட்ட முதல் சரியான யோசனை அதுதான்.

மேலே சத்தம் கேட்டால் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வித்தையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஆனால் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள். ஏதாவது உண்மையிலேயே விட்டுப்போயிருந்தால் எதிர்ச்சுமை அதை இன்னும் கெடுக்கும். ஒரு ஜிக்கு வந்து, வேகத்தை மெனூவரிங் ஸ்பீடுக்கு (ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் சுமை எல்லையைத் தாண்டாத வேகம்) கீழே கொண்டுவாருங்கள். ஸ்டிக்கையும் பெடலையும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, எதுவும் இறுகியிருக்கிறதா, வழக்கத்தைவிட லேசாக இருக்கிறதா என்று பாருங்கள். இறங்குவதற்கு முன்னால், இறங்கும் வேகத்தில் விமானம் ஒழுங்காகக் கட்டுப்படுகிறதா என்பதை உயரத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னொரு தடவை செய்து பார்ப்போம், வருகிறதா?" என்ற எண்ணம் நிச்சயம் வரும். அன்றைக்கு வேண்டாம். அமெரிக்க விதிப்படி ஏரோபாட்டிக்ஸுக்குத் தரையிலிருந்து குறைந்தபட்சம் 1,500 அடி உயரம் இருக்க வேண்டும், ஆனால் அது சட்டம் சொல்லும் எல்லை மட்டும்தான். கேனபியைத் திறந்து பாராசூட்டோடு வெளியேற அந்த உயரம் போதாது. தனியாகப் பறக்கும்போது பாராசூட் கட்டச் சொல்லி விதி இல்லை, இன்னொருவரை ஏற்றிக்கொண்டு செய்யும்போதுதான் கட்டாயம். நான் தனியாகவும் கட்டாமல் போவதில்லை.

அடுத்த வாரம் விமானத்தை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். இருக்கைக்குப் பின்னால், இடது பக்கம், விங் சேரும் இடத்தில் என்று சொன்னேன், காது அப்படித்தான் சொன்னது. அவர்கள் விங் ரூட் மூடிகளைக் கழற்றி, இருக்கைத் தளத்தைப் பிரித்து, ஸ்பார் போல்ட்டுகளின் முறுக்கைச் சரிபார்த்து, பின் ஸ்பார் இணைப்பை டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துத் தேடினார்கள். வேலை நேர்மையாகத்தான் நடந்தது. மணிக்கணக்கில் கூலி ஏறியது. கடைசியில் வந்த தாளில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது, கூடவே மூவாயிரத்துச் சொச்சம் டாலருக்குப் பில். திரும்பக் கொண்டுவந்து, மெதுவாக, மூன்று ஜி வரைக்கும் மட்டும் இழுத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஒரு மாதம் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், அதே மூன்று ஜியில் திரும்பவும் 'டங்'. முதல் முறையைவிட இந்த முறைதான் எனக்கு அதிக பயம். எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள், ஆனாலும் சத்தம் வருகிறது என்றால் அதைவிட மோசமான நிலை இல்லை. விமானத்தை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். சரி, யாருக்கு விற்பது? இந்தச் சத்தத்தோடு இன்னொருவரை எப்படி மேலே அனுப்புவது?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதி இஏஏ கிளையின் டெக்னிக்கல் கவுன்சிலரைக் கூப்பிட்டேன். 1953-ல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற இந்த அமைப்பில், அனுபவமுள்ள கட்டுநர்களும் மெக்கானிக்குகளும் உறுப்பினர்களின் விமானத்தை வந்து பார்த்து யோசனை சொல்வார்கள், காசு வாங்குவதில்லை. வந்தவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். பேனலைத் திறக்கச் சொல்லவில்லை, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை ஜியில் வந்தது? ஜி ஏறும்போதா, இறங்கும்போதா? ஒரு தடவையா, ஜோடியாகவா? காலையிலா, மதியமா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? என்ஜின் பவரைக் குறைத்தால் வருகிறதா? பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. 'எங்கிருந்து வந்தது' என்பதை மட்டும் அவர் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உலோக விமானத்துக்குள் உட்கார்ந்து அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. அலுமினியத்தில் ஒலி விநாடிக்கு ஐயாயிரம் மீட்டர் வேகத்தில் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல பதினைந்து மடங்கு. வாலில் கிளம்பிய தட்டல் தகடு, நீளவாட்டுச் சட்டமான லாஞ்சரான், இருக்கை என்று எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். போதாததற்குக் காதில் ஹெட்செட். இரைச்சலைக் குறைக்கும் எலெக்ட்ரானிக் ஹெட்செட் என்றால் திசை சுத்தமாகத் தெரியாது. மனம் எந்த இடத்தை நினைத்துப் பயப்படுகிறதோ, காது அந்த இடத்தைத்தான் காட்டும். எனக்கு ஸ்பார் பயம், அதனால் ஸ்பாரில் கேட்டது. ஆகவே சத்தத்தைத் தேடும்போது இடத்தை விட்டுவிட்டு நிலைமையைக் குறியுங்கள். எந்த நிலைமையில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் இடம் தானாகச் சுருங்கி வரும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றக் கூடாது என்பது என் கருத்து. பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ ஒன்று தளர்வதற்கு இடம் கொடுக்கிறோம்.

விங், வால் இணைப்புகள் எல்லாம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருந்ததால், எல்லையில் பாதியைத் தாண்டாமல் சில சோதனைகள் செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். முதலில் காக்பிட்டைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தேன். இருக்கைக்கு அடியில், ஃபிளாப் ராடுக்குப் பின்னால், வால் கூட்டின் அடிவரை வேக்குவம் போட்டேன். ஒரு ரிவெட்டின் தண்டும், ஒரு வாஷரும் வந்தன. நான் தேடிய சத்தத்துக்கு அவை காரணமில்லை, ஆனால் தலைகீழாகப் போகும் விமானத்தில் இப்படி ஒரு துண்டு மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை இயக்கும் பெல்கிராங்க் நெம்புகோலில் போய் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் இரண்டு சின்ன கேமராக்கள். ஒன்றைப் பேனலுக்கு அடியிலும், இன்னொன்றை வால் கூட்டுக்குள் எல்இடி விளக்கோடு பின்னோக்கியும் பொருத்தினேன். இரண்டையும் ஓடவிட்டுக் கையைப் பலமாக ஒருமுறை தட்டினால், பிறகு இரண்டு பதிவையும் ஒரே நேரத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம். கேமராவை டேப் போட்டு ஒட்டாதீர்கள், ஸ்க்ரூ போட்ட கிளாம்ப் வையுங்கள். இன்டர்காமிலிருந்து ஒரு ஒயர் எடுத்துக் குரலையும் பதிவு செய்தேன். ஜி மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், பென்சில் பிடித்து எழுத வேண்டியதில்லை.

ஜியை ஏற்றுவதற்கு லூப்தான் போட வேண்டும் என்பதில்லை. உயரம் மாறாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இரண்டு ஜி, 70 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று. சுமை மெதுவாக ஏறும், வேண்டிய இடத்தில் நிறுத்திப் பிடிக்கலாம், இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடலாம். அடுத்தது அதே திருப்பத்தை என்ஜின் ஐடிலில் கீழே இறங்கிக்கொண்டே செய்வது. அப்போதும் சத்தம் வந்தால் என்ஜின் அதிர்வு, எக்சாஸ்ட் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அப்புறம் பெடலை மிதித்துப் பக்கவாட்டில் வழுக்கிப் பார்ப்பது. கடைசியாக, ஸ்டிக்கை மெல்ல முன்னால் தள்ளி, உடம்பு பெல்ட்டில் மிதக்கிற அளவுக்கு ஜியைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது. இந்த வரிசையை ஒரு குளிர்ந்த காலையிலும், ஒரு வெயில் மதியத்திலும் செய்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, சத்தம் ஒன்றல்ல, இரண்டு. 'டங்' ஜி ஏறும்போது மட்டும் வந்தது, மதியம் மூன்று ஜியிலேயே, காலையில் அதே மூன்று வரை போயும் வரவில்லை. ஜியை இறக்கும்போது இரண்டு ஜி வாக்கில் அதன் மறுபாதி சின்னதாகக் கேட்டது. இன்னொன்று 'டொக்' என்று மந்தமாக, ஜி சுழியத்தைக் கடக்கும்போது ஒன்று, திரும்ப ஏறும்போது ஒன்று. என்ஜின் இரைச்சலில் மேலே இருந்தபோது இதை நான் கவனித்ததே இல்லை. வாலில் இருந்த கேமராவில் அது சுத்தியல் அடிபோல இருந்தது, பேனலுக்கு அடியில் இருந்ததில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

இந்த வித்தியாசம்தான் முழு விஷயமும். அதிக ஜியில், ஒரு குறிப்பிட்ட சுமைக்கு மேல், வெப்பத்துக்கு ஏற்ப மாறி வருகிற சத்தம் பெரும்பாலும் தகடு. சுழியத்தைக் கடக்கும்போது போகவும் வரவும் ஒவ்வொன்றாகக் கேட்டால், எடையுள்ள ஏதோ ஒன்று தன் இடத்தில் தளர்ந்து ஆடுகிறது. முதலாவது அனேகமாகப் பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரண்டாவதைக் கண்டுபிடிக்கும்வரை பறக்கக் கூடாது. காதுக்கோ முதலாவதுதான் பயங்கரமாகக் கேட்கும்.

வால் கேமராவின் படத்தில் 'டங்' கண்ணுக்கே தெரிந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் அடித்தகடு, தகட்டை விறைப்பாக்கும் இரண்டு ஸ்டிஃப்னருக்கு நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்வாங்கி, விளக்கொளி அதன்மேல் நெளிந்தது. பழைய மண்ணெண்ணெய் டின்னின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய்த் திரும்புமே, அதேதான். அந்தத் தகட்டின் தடிமன் 0.025 அங்குலம், அதாவது 0.6 மில்லிமீட்டர். வெயிலில் தகடு சீக்கிரம் சூடாகி விரியும், உள்ளே இருக்கும் சட்டம் அந்த அளவுக்கு விரியாது. ஏற்கெனவே பிதுங்க இடம் தேடும் தகடு கொஞ்சம் சுமை ஏறியதும் மடங்கிவிடுகிறது. மெல்லிய தகடு இப்படி அலைஅலையாக மடங்கினாலும் சுமையைத் தாங்கிக்கொண்டே இருக்கும் என்பதை ஹெர்பர்ட் வாக்னர் 1929-லேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார், இன்றைய உலோக விமான உடல்களின் வடிவமைப்பு அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கில் டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தால் ரிவெட் துளை ஓரத்தில் விரிசல் தொடங்கலாம். கிட் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு, அந்த இடத்தின் நடுவில் எல் வடிவ அலுமினிய ஆங்கிள் ஒன்றை ரிவெட் அடித்துச் சேர்த்தேன். ஒரு சனிக்கிழமை வேலை. சுற்றியிருந்த எல்லா ரிவெட்டையும் டார்ச் வைத்துப் பார்த்தேன். தளர்ந்த அலுமினிய ரிவெட்டைச் சுற்றிக் காற்றோட்டத் திசையில் கறுப்பாகப் புகை வழிந்த மாதிரி ஒரு கோடு இருக்கும், என்னுடையதில் எங்கேயும் இல்லை.

'டொக்' அவ்வளவு சுலபமாக அகப்படவில்லை. வால் கூட்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தோம். எலிவேட்டர் ஹின்ஜ், புஷ்ராடு, பெடலால் இயங்கும் வால் தகடான ரட்டரின் கேபிள், அவசர பீக்கனின் தாங்கி எல்லாம் உறுதி. அப்புறம் பெரியவர் வாலை ஒரு ஸ்டாண்டில் தூக்கி வைக்கச் சொன்னார். வால் சக்கரத்தை ஒரு கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். மற்ற கையின் ஆள்காட்டி விரலை, வால் சக்கரத்தின் ஸ்பிரிங் தண்டு அதன் குழாய்க்குள் நுழையும் விளிம்பில், பாதி தண்டிலும் பாதி குழாயிலும் படும்படி வைத்திருந்தார். பிறகு என் விரலை அங்கே வைக்கச் சொன்னார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. ஒரு முடியளவு அசைவு, மெல்லிய ஒரு 'டிக்'.

தண்டையும் குழாயையும் குறுக்கே பிணைக்கும் போல்ட்டைக் கழற்றினோம். நட்டின் மேல் போட்டிருந்த வண்ணக்கோடு விலகவே இல்லை, அதாவது நட் தளரவில்லை. ஆனால் போல்ட்டின் நடுவில் ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருந்தது, துளையிலிருந்து செங்கல் நிறத்தில் நைஸான பொடி உதிர்ந்தது. இரும்பும் இரும்பும் உரசினால் வரும் துரு அது. அலுமினியம் என்றால் கறுப்பாக இருக்கும், பொடியின் நிறத்தை வைத்தே எந்த உலோகம் உரசுகிறது என்று சொல்லிவிடலாம். தரையில் விழுந்து எழுந்த ஒவ்வொரு லேண்டிங்கும் துளையை முட்டை வடிவமாக்கியிருக்கிறது. நேராகப் பறக்கும்போது சக்கரத்தின் எடை ஒரே பக்கம் தொங்குவதால் சத்தமில்லை, ஜி சுழியத்தைக் கடக்கும்போது அது மறுபக்கம் போய் இடித்திருக்கிறது. அந்தச் சக்கரத்திலிருந்து ரட்டருக்குச் சங்கிலி போகிறது. போல்ட் அறுந்து தண்டு நழுவியிருந்தால் ரட்டரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நிறுவனத்தின் யோசனைப்படி துளையை ரீமரால் சீராக்கி, ஓர் அளவு பெரிய, இறுக்கமாகப் பொருந்தும் போல்ட் போட்டோம். தண்டையும் புதிதாக மாற்றினேன். நைலான் பூட்டு நட் போடும்போது ஒன்று கவனியுங்கள்: நட் வெறுமனே சுற்றுவதற்கே ஒரு விசை எடுக்கும், அதை முதலில் அளந்து, முறுக்கு அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ரெஞ்ச் காட்டும் எண்ணில் ஒரு பங்கு அந்த உராய்வுக்கே போய்விடும். தண்டு, போல்ட், ரீமர், கேமரா, கிளாம்ப் எல்லாம் சேர்த்து ஒர்க்‌ஷாப் பில்லில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மீதிப் பணம் அந்த மாதங்களின் ஹேங்கர் வாடகையும், கட்டணம் கட்டிவிட்டுப் போகாமல் விட்ட ஒரு போட்டியும்.

மற்றவர்களிடம் விசாரித்ததில் தெரிந்துகொண்ட சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தலைகீழ்ப் பறத்தலுக்காக டேங்குக்குள் எடை கட்டிய ஹோஸ் வைத்திருந்தால், அது நெகட்டிவ் ஜியில் டேங்கின் மேற்பக்கம் போய் இடிக்கும். அது இயல்பான சத்தம், முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும், ரப்பர் விறைத்து ஹோஸ் அசையாமல் போயிருக்கலாம். என்ஜினின் ரப்பர் மவுன்ட்டுகள் தொய்ந்தால், ஜியில் எக்சாஸ்ட் குழாய் என்ஜின் மூடியான கௌலிங்கைத் தொடும், தொட்ட இடம் மெருகேறியிருக்கும். பேட்டரியைக் கையால் பிடித்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், கீழ்நோக்கி அழுத்திப் பார்த்தால் போதாது. காலியான பக்கத்து இருக்கையின் பெல்ட் பக்கிள் வெளியே தொங்கித் தகட்டில் அடிப்பதைக் கேட்டு நடுங்கியவர்கள் உண்டு. சந்தேகமான இரண்டு பாகங்களுக்குக் குறுக்கே மாஸ்கிங் டேப்பை ஒட்டி, மேல் ஒரு பேனாக் கோடு இழுத்துவிட்டுப் பறந்து வாருங்கள், அசைவு இருந்தால் டேப் சுருங்கியோ கிழிந்தோ இருக்கும்.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதி, இரண்டு ஜியிலிருந்து அரை அரையாக நாலு வரை ஏற்றிப் பார்த்தேன். மதிய வெயிலிலும் 'டங்' இல்லை, சுழியத்தில் 'டொக்' இல்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வாலைத் தூக்கி அதே விளிம்பில் விரலை வைத்துப் பார்க்கிறேன். இப்போது ஒன்றே ஒன்றுதான் பாக்கி, செங்குத்தாக ஏறி, உச்சியில் பக்கவாட்டில் திரும்பிக் கீழே இறங்கும் ஹேமர்ஹெட்டில், விமானம் திரும்பும் நொடியில் கேனபி சட்டத்தில் ஒரு 'கிரீச்'. வலது தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டிருக்கிறேன். அதன் காரணம் தெரியும்வரை ஹேமர்ஹெட் மட்டும் செய்வதில்லை.